வாரியம் முதல் வாட்ஸ்அப் வரை

உத்திரமேரூர் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கல்வெட்டு என்பது புதிய செய்தியன்று. வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களைக் காண வெளியூர்ப் பள்ளி மாணவர்கள் பேருந்துகளில் வந்து இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். வரலாற்றாசிரியர் குடவோலை முறையை விளக்குவார். மாணவர்கள் குறிப்பெடுத்துக் கொள்வார்கள். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் தமிழ்ப் பாடம் படிப்பவரின் கண்கொண்டு அச்சுவரை நோக்கினால் வேறொன்றும் புலப்படும். அங்கே பொறிக்கப்பட்ட சொற்களில் சில மறைந்து போயின. சில பொருள் மாறி வாழ்கின்றன. சில நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, நம் காலத்தில் எழுந்து அலுவலகப் பலகைகளில் ஏறிக்கொண்டன. ஒரு சமுதாயம் எவ்வாறு வாழ்ந்தது, யாரை மதித்தது, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பவற்றை அதன் சொற்களே காட்டிக் கொடுத்துவிடும். நம் ஊரிலும், நம் வீட்டிலும், நம் செபப் புத்தகத்திலும் வழங்கும் சில சொற்களைக் கொண்டு இதனைச் சற்றுக் காண்போம்.

அக்கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டையும், மற்றொன்று 921-ஆம் ஆண்டையும் சேர்ந்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வார்டு என்று கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, சபையோர் நடுவே, எழுத்து இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றில் 360 நாள் பணியாற்றினர். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. இந்த ஒரு விதியைப் படிக்கும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பொலி எழுவது வழக்கம். காரணத்தை விளக்க வேண்டுவதில்லை.

வாரியம் என்றால் ஊர்ப் பணியை மேற்பார்க்கும் குழு. சோழர் காலத்துக்குப் பின் அச்சொல் மெல்ல மெல்லப் பேச்சுவழக்கிலிருந்து ஒதுங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் ‘போர்டு’ வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, போர்டு ஸ்கூல் என்று நம் தாத்தாக்கள் பேசினர். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. அலுவலகங்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் தேவைப்பட்ட அக்காலத்தில், போர்டு என்பதற்கு ஈடாகக் கல்வெட்டுச் சொல்லே மீண்டும் கைகொடுத்தது. மின்சார வாரியம், வீட்டுவசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் என்று இன்று அது வீட்டு வரவேற்பறை வரை வந்துவிட்டது. 2010-இல் மின்சார வாரியம் கழகங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் விளக்கு அணைந்தால் நம் வீடுகளில் எழும் குரல் வாரியத்தையும் அழைப்பதில்லை, கழகத்தையும் அழைப்பதில்லை, ‘ஈ.பி.க்குப் போன் போடு’ என்பதே அக்குரல்! அரசாணையால் பெயர்ப்பலகையை மாற்றலாம். நாக்கை மாற்றுவதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

கழகம் என்ற அச்சொல்லின் கதையும் சுவையானது. திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தில் அது சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. இன்றோ பல்கலைக்கழகம் என்றும், போக்குவரத்துக் கழகம் என்றும் வழங்குகிறோம். நாற்றம் என்பது ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் உரிய பெயராக இருந்து, பின்னர்த் தாழ்ந்தது. கழகமோ சூதாட்டக் களத்திலிருந்து பட்டமளிப்பு மேடைக்கு உயர்ந்தது. சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு போலும்! இவ்வாறு பொருள் மாறுவதைக் குற்றமென்று நம் இலக்கணப் புலவர்கள் கொள்ளவில்லை. தொல்காப்பியர் திசைச்சொல்லையும் வடசொல்லையும் தமிழில் வழங்கும் சொல்வகைகளாகவே ஏற்றுக்கொண்டார். 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவரும், பழையவை நீங்கிப் புதியவை வருவது வழுவாகாது என்று நன்னூலில் இடம் தந்தார்.

இனி ‘ஓட்டுப் போடுதல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஓட்டு ஆங்கிலச் சொல், போடுதல் தமிழ். 2004-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் முதல் நாடெங்கும் இயந்திரத்தில் பொத்தானை அழுத்துகிறோம். எதையும் எதிலும் போடுவதில்லை. ஆயினும் ‘ஓட்டுப் போட்டாயா?’ என்றே கேட்கிறோம். பெட்டியில் சீட்டுப் போட்ட காலத்தின் கைப்பழக்கம் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடத்தில் ஓலை இட்டவர்களுக்கும் இச்சொல் அந்நியமாகத் தோன்றாது. எழுத்துத் தமிழில் வாக்கு என்கிறோம். வாக்கு என்றால் முதலில் பேச்சு. பிறகு கொடுத்த சொல். ‘வாக்குத் தவறாதவர்’ என்று ஒருவரைப் புகழ்வதுண்டு. இன்று வாக்கு என்றவுடன் விரலில் வைத்த மைதான் நினைவுக்கு வருகிறது. வாக்கு கொடுப்பவர் வேட்பாளராகவும், வாக்கு அளிப்பவர் மக்களாகவும் இருக்கும் இந்த விந்தையை எந்த அகராதிக்காரரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

ஆனால் அந்தக் குடத்தில் யாருடைய பெயர் இடப்பட்டது? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்களின் பெயர்கள். 919-இல் வயது 30 முதல் 60 வரை. 921-இல் அதனை 35 முதல் 70 வரை என மாற்றினர். அக்காலத்தில் நம் ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். உழுதவர், நெய்தவர், ஏரியில் மண் சுமந்தவர் ஆகியோரின் பெயர்களுக்கு அக்குடத்தில் இடமில்லை. பெண்கள் எவருடைய பெயரும் இல்லை. உலகமே வியக்கும் மக்களாட்சி என்று மேடைகளில் முழங்கும்போது இதனையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை என்பது எங்கள் கருத்து. விதிகள் வியக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘பெருமக்கள்’ என்னும் சொல்லுக்குள் எல்லா மக்களும் அடங்கவில்லை.

921-க்கு ஆயிரம் ஆண்டு கழித்து, 1921-இல், சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. அப்போதும் சொத்துத் தகுதி இருந்தது. எல்லாருக்கும் வாக்கு என்பது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தால் கிடைத்தது. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தத்தால் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. 2021 அக்டோபரில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் அவ்வாறு பாதி இடம் ஒதுக்கப்பட்ட தேர்தலே.

இங்குதான் ‘தலைவி’ என்னும் சொல் நம் கவனத்துக்கு வருகிறது. சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் தலைவி என்றால் காதலுக்குரிய பெண். தலைவன் வரவை நோக்கிக் காத்திருப்பவள். தேர்வில் ‘தலைவியின் கூற்று’ என்று எழுதிப் பழகிய நமக்கு, ஊராட்சி மன்றக் கூட்டத்தில் கோப்பில் கையொப்பமிடும் ஒரு பெண்ணையும் தலைவி என்பது முதலில் சற்று விந்தையாகவே இருக்கும். அதனால்தானோ என்னவோ, இப்போது பலரும் ‘தலைவர்’ என்றே எழுதுகிறார்கள். ஊரில் ‘பிரசிடெண்ட் அம்மா’ என்று மரியாதையோடு அழைக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் பெயர்ப்பலகையில் மனைவியின் பெயர் இருக்க, டீக்கடையில் ‘பிரசிடெண்ட் வருகிறார்’ என்று கணவரைச் சுட்டுவதும் உண்டு. வட மாநிலங்களில் இதற்கென்றே ‘சர்பஞ்ச் பதி’ என்று ஒரு பெயர் பிறந்துவிட்டது. ஊராட்சித் தலைவியின் கணவர் என்பது அதன் பொருள். ஒரு புதிய சொல் பிறந்திருக்கிறதென்றால் அதற்குத் தேவை இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? சட்டம் பெண்ணுக்கு நாற்காலியைக் கொடுத்தது; யார் அதில் அமர்ந்தார் என்பதை அந்தச் சொல் சொல்லிவிட்டது.

இத்தகைய மாற்றங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது செவிலி. பழைய பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தோழியைப் பெற்ற தாய். பாலூட்டி, சீராட்டி, மகள் பிரிந்து சென்றபோது தேடி அலைந்து கலங்குபவள். மருத்துவமனைத் தாதியருக்குத் தமிழில் பெயர் வேண்டியபோது அந்தத் தாயின் பெயரையே எடுத்துச் செவிலியர் என்றனர். பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளைபோல் காப்பவர் என்னும் பொருள் கெடாமலே ஒரு வீட்டுச் சொல் தொழிற்சொல்லாயிற்று. நம் பள்ளியில் செவிலியர் படிப்பை விரும்பும் மாணவியர், தாங்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பெயரைச் சூடப் போகிறோம் என்பதை நினைவில் கொள்க.

இனித் தொழிற்சாலைப் பக்கம் வருவோம். பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் ‘கும்பினி’ என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. வரி வாங்கியது, படை வைத்திருந்தது, ஆட்சி செய்தது. இன்று நம் கிராமங்களில் ‘அக்கா கம்பெனிக்குப் போயிருக்கிறாள்’ என்றால், ஒரகடத்துக்கோ திருப்பெரும்புதூருக்கோ கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குச் சென்றிருக்கிறாள் என்று பொருள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களை உருவாக்கத் தொடங்கியது முதல் நம் மாவட்டத்தின் பேச்சில் புதுச் சொற்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. லைன், ஷிப்டு, ஓ.டி., கான்ட்ராக்ட், பெர்மனென்ட் என்று அவை நீளும். திருப்பெரும்புதூரில் 2006-இல் கைப்பேசி உருவாக்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, ‘பெர்மனென்ட்’ என்னும் சொல்லின் பொருளும் சற்றே ஆட்டம் கண்டது. இச்சொற்களுக்கு முன் இங்கு வழங்கியவை நடவு, களையெடுப்பு, அறுப்பு, போரடித்தல் ஆகியவை. ‘போர்’ என்றால் வைக்கோற்போர் என்பது பாட்டிக்கு. ஆழ்துளைக் கிணறு என்பது அப்பாவுக்கு. பொழுது போகவில்லை என்பது மகளுக்கு. ஒரே வீட்டில், ஒரே எழுத்தில், மூன்று தலைமுறை!

இதனைச் சோதித்துப் பார்க்க எண்ணி, வீட்டுப் பெரியவர்கள் வழங்கும், தங்களுக்குப் பொருள் தெரியாத சொற்களைக் கேட்டு எழுதிவருமாறு மாணவியரிடம் சொன்னோம். நெல் சேமிக்கும் தொம்பை வந்தது, அளக்கும் மரக்கால் வந்தது, குந்தாணி வந்தது. ஒரு மாணவி ‘கவலை’ என்று எழுதி வந்தாள். இது தெரியாத சொல்லா என்று வகுப்பே சிரித்தது. அவள் பாட்டியார் சொன்னது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையை. மாடுகள் பின்னும் முன்னும் நடக்க, தோற்சால் ஏறி இறங்கி நீரைக் கொட்டும். பம்பு செட்டு வந்தபின் அந்தக் கவலை ஒழிந்தது. மற்றொரு கவலை மட்டும் அகராதியில் தங்கிவிட்டது.

இனி, நமக்கு மிக நெருக்கமான ஓரிடத்துக்கு வருவோம். மாலையில் குடும்ப செபமாலை சொல்லும் வீடுகளில் கவனித்துப் பாருங்கள். பாட்டி சொல்லும் செபமும் பேத்தி சொல்லும் செபமும் ஒன்றே, சொற்கள் வேறு. பாட்டி சர்வேசுரன் என்பார். பேத்தி இறைவன் என்பாள். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. சுவிசேஷம் நற்செய்தி ஆயிற்று. மோட்சம் விண்ணகம் ஆயிற்று. சம்மனசுகள் வானதூதர்கள் ஆயினர். பழைய ஆலயப் பலகைகளில் ‘அர்ச்.’ என்று சுருக்கி எழுதியிருப்பதைச் சில மாணவியர் யாரோ ஒருவரின் முதலெழுத்து என்று எண்ணிவிடுகின்றனர். அர்ச்சியசிஷ்ட என்பதன் சுருக்கம் அது. இன்று நாம் புனித என்கிறோம்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. நம் மறையின் தமிழ்ச் சொற்களில் நானூறு ஆண்டு வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. முதலில் போர்த்துக்கீசியர் வந்தனர். பாதிரியார் என்னும் சொல்லை அவர்கள் மொழியிலிருந்தே பெற்றோம். கூடவே சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவையும் வந்து, இன்று எந்த மதத்தார் வீட்டிலும் தமிழாகவே புழங்குகின்றன. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி ஒன்றில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல். அதனை ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் என நாம் வழங்கும் இயேசு சபைக் குரு. அடுத்து 1606-இல் மதுரை வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி, அக்காலக் கற்றோர் மதித்த வடமொழிச் சொற்களை மறைக்குள் கொண்டுவந்தார். வீரமாமுனிவரோ 1732-இல் சதுரகராதி தந்தார். அதுவரை செய்யுளாக மனப்பாடம் செய்யப்பட்டுவந்த நிகண்டுச் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, யாரும் எடுத்துப் பார்க்கும்படி செய்தவர் அவர். இத்தாலியில் பிறந்தவர் தமிழுக்கு அகராதி செய்தார் என்பதை எண்ணும்போது, ஓர் ஆங்கிலச் சொல் கலந்ததற்காக நாம் செய்யும் ஆரவாரம் சற்று மிகைதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. திருவழிபாடு மக்களின் மொழியில் நடைபெறலாம் என்று வழிதிறந்தது அச்சங்கமே. இலத்தீன் பூசையைக் கேட்டுக்கொண்டே செபமாலை உருட்டிய மக்கள், பதில் சொல்லி, பாடி, பங்குகொள்ளத் தொடங்கினர். அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் அக்கிராசனர் தலைவராகவும், அபேட்சகர் வேட்பாளராகவும், மந்திரி அமைச்சராகவும், சர்வகலாசாலை பல்கலைக்கழகமாகவும் மாறிவந்தனர். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்தின் அலை அது. கோயிலுக்குள் வீசிய காற்றும் கோட்டையில் வீசிய காற்றும் ஒன்றே. இறைவனைத் ‘தேவரீர்’ என்று அரசவை மொழியில் விளித்த வழக்கம் தேய்ந்து, ‘நீர்’ என்று நெருங்கிப் பேசும் வழக்கம் வந்ததும் மன்னராட்சி மறைந்த அந்தக் காலத்தில்தான்.

பெயர்களின் மாற்றம் இன்னும் ஒரு செய்தி சொல்கிறது. கத்தோலிக்கர் அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்று வழங்க, பிற சபையார் யோவான், பேதுரு, பவுல் என்றனர். ஒரே திருத்தூதருக்குத் தெருவுக்கு ஒரு பெயர்! இரு சாராரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தபின், நாமும் யோவான், பேதுரு, பவுல் என்று சொல்லப் பழகினோம். விட்டுக்கொடுத்தது ஒரு சொல். கிடைத்தது ஓர் உறவு. ஆயினும் நம் குடும்பங்களில் அருளப்பன்களும் ராயப்பன்களும் சின்னப்பன்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆகையால் பழைய பெயர்கள் அழிந்துவிடவில்லை. (அருட்தந்தை என்று எழுதுவதைக் கண்டு தமிழாசிரியர்கள் முகம் சுளிப்பதுண்டு. புணர்ச்சி விதிப்படி அருட்டந்தை என்றே வரவேண்டும். ஆனால் அப்படி எழுதினால் எந்தத் தந்தையும் திரும்பிப் பார்க்க மாட்டார்!)

அதே விவிலியத்தில் மற்றொன்றையும் காணலாம். பழைய மொழிபெயர்ப்புகளில் குருடர், முடவர், குஷ்டரோகி என்று வந்த இடங்களில் பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், தொழுநோயாளர் என்று வருகிறது. நாட்டிலும் அவ்வாறே. முதலில் உறுப்பின் குறையையே ஒருவருக்குப் பெயராகச் சூட்டினோம். பின்னர் ஊனமுற்றோர் என்றோம். இப்போது மாற்றுத்திறனாளி என்கிறோம். 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கென்று நல வாரியம் ஒன்றை அமைத்தது. வசைச்சொற்களால் மட்டுமே கூப்பிடப்பட்ட மனிதருக்குத் ‘திரு’வும் ‘நங்கை’யும் சேர்ந்த பெயர்! நிலமும் வேதமும் உடையவர்க்கு மட்டுமே இடமளித்த ஒரு சொல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் இவர்களுக்கும் வாசல் திறந்தது. 2011 முதல் அரசு தரும் மிதிவண்டியை இலவசம் என்னாமல் ‘விலையில்லா மிதிவண்டி’ என்று வழங்கியதும் இந்த வகையே. வாங்குபவரின் தலை குனியக் கூடாதென்று ஒரு சொல்லைத் தேடியிருக்கிறார்கள். பெயர் மாறினால் போதுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மாற்றுத்திறனாளி என்று எழுதிவிட்டுச் சாய்வுப் பாதை கட்டாத கட்டடங்கள் எத்தனை! ஆனாலும் பெயர் மாறாமல் வேறு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் கடினமான சொல் ஒன்று நம் ஊர்ப்புறங்களில் இருக்கிறது. சேரி என்பது சேர்ந்து வாழும் இடம். சோழர் காலத்தில் ஊரின் எந்தப் பகுதிக்கும் சேரி என்ற பெயர் உண்டு. சதுர்வேதிமங்கலங்களில் பிராமணர் வாழ்ந்த பகுதிகளும் சேரிகளே. தஞ்சைப் பெரிய கோயிலின் பணிப்பெண்கள் வாழ்ந்த இடம் தளிச்சேரி. பிற்காலத்தில் அச்சொல் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு மட்டும் என்று சுருங்கி, வசையாகவும் ஆக்கப்பட்டது. பிறகு ‘காலனி’ வந்தது. சென்னையில் ரயில்வே காலனி, பாங்க் காலனி என்றால் அது கௌரவமான முகவரி. இங்கோ ‘ஊரா, காலனியா?’ என்று கேட்டால் அக்கேள்வியின் பொருள் வேறு. சேர்க்கைப் படிவத்தில் முகவரி எழுதும்போது, அந்தச் சொல் வருமிடத்தில் ஒரு சிறுமியின் பேனா ஒரு நொடி நின்று செல்வதை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்னும் சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அதனைச் சிலர் வெறும் பெயர் மாற்றம் என்றனர். பேனா தயங்குவதைக் காணாதவர்கள் அவ்வாறு சொல்லக்கூடும். இந்தக் குற்றத்தில் நம் திருச்சபைக்குப் பங்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கோயிலில் தனி இடமும், கல்லறையில் தனிப் பகுதியும் வைத்த பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தன.

இனி, மாணவியர் காத்திருந்த பகுதி! மொக்கை, உருட்டு, கெத்து, செம, மாஸ், வேற லெவல், க்ரிஞ்ச். இவற்றைக் கேட்டுப் பெற்றோர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். இவற்றிலும் நல்ல தமிழ் உண்டு. மொக்கை என்றால் கூர் மழுங்கியது. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில் என்பது பழைய வழக்கு. கூர் இல்லாத பேச்சை மொக்கை என்பது நல்ல உவமை என்றே கூற வேண்டும். 2024-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்போர்டு அகராதியார் தேர்ந்தெடுத்தது ‘பிரெயின் ராட்’. அதாவது மூளை அழுகல். கைப்பேசியில் பயனற்றவற்றை ஓயாமல் பார்ப்பதால் வரும் மந்தம் அது. 1854-இலேயே அமெரிக்க எழுத்தாளர் தோரோ எழுதிய சொல் அது, கைப்பேசிக்காக உயிர்த்தெழுந்தது. 2013-இல் அவர்கள் தேர்ந்த சொல் செல்ஃபி. பதினோரு ஆண்டுகளில் தன் முகத்தைப் பார்ப்பதிலிருந்து மூளையைக் குறித்து அஞ்சுவது வரை வந்திருக்கிறோம்! நம் சொற்களும் அங்கே செல்கின்றன. அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்திலேயே அவர்கள் அகராதியில் ஏறியது. 2016-இல் ‘ஐயோ’வும் ஏறிவிட்டது.

வாட்ஸ்அப் கொண்டுவந்த மாற்றங்களில் ‘ஸ்டேட்டஸ்’ ஒன்று போதும். பெண் பார்க்க வருபவர்கள் ‘ஸ்டேட்டஸ் பார்க்கிறார்கள்’ என்றால், முன்பு குடும்பத்தின் அந்தஸ்தையும் சொத்தையும் பார்க்கிறார்கள் என்று பொருள். இன்று ஸ்டேட்டஸ் என்பது கைப்பேசியில் வைக்கும் படம்; 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். தலைமுறை தலைமுறையாக நிற்கும் என்று நம்பிய அந்தஸ்து ஒரு நாள் ஆயுளுக்கு வந்துவிட்டது. அதனை யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் கவலை மட்டும் பழையதே. ‘பகிர்தல்’ என்பதும் அவ்வாறே. உள்ள சோற்றை இல்லாதவரோடு பங்கிடுவது பகிர்தல். நம்மிடம் அது குறையும். இன்று பகிர்ந்தால் ஒன்றும் குறைவதில்லை, பெருகுகிறது. பொய்ச் செய்தியும் அப்படியே பெருகுகிறது. அதற்கு மாணவியர் வைத்த பெயர் ‘உருட்டு’. நிலைநில்லாமல் உருண்டுகொண்டே போவது என்று கொண்டால் அதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படுவது அரிது. ஆனால் எல்லாவற்றையும் ‘செம’ என்பதை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. பாட்டும் செம, பரோட்டாவும் செம, பாஸ்கா நாடகமும் செம என்றால், மூன்றில் எதனையும் நாம் சரியாகச் சுவைக்கவில்லை என்றே ஆகும்.

அடுத்த ஆண்டு மலருக்காகச் சொற்பட்டியல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். வீட்டில் மூத்தவர் சொல்லும் ஒரு சொல்லையும், உங்களுக்கு இளையவர் சொல்லும் ஒரு சொல்லையும் தாளில் எழுதுங்கள். யார், எந்த வேலையின் நடுவே, எந்தப் பொருளில் சொன்னார் என்பதையும் குறித்துத் தமிழாசிரியையிடம் கொடுங்கள். பெற்றோரும் எழுதலாம், அருட்சகோதரியரும் தத்தம் சொந்த ஊர்ச் சொற்களைத் தரலாம். பொருள் விளங்காத சொல்லானாலும் தயங்காமல் எழுதுக. பொருளை அனைவரும் சேர்ந்து தேடிக்கொள்வோம்.